பட்டினிக் குதிரைகளும் ஒரு சஹன் சோறும்

மகனே,

"வாப்பா, நிக்காஹுக்கு வருவியளா, மாட்டியளா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்று, நீ வேலை பார்க்கும் ரூவியிலிருந்து போனில் கேட்டாய். உன் ஆபீஸில் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து மறுபடியும் அடித்தாய். மணி அடித்து ஓயும்வரை போன் பக்கத்திலேயே நின்றேன். லைன் அறுந்து போகவில்லை. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்ததிலிருந்து ஏசியைப் போடுவதும் அணைப்பதுமாக இருக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டையும் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டேன்.

துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். வாழ்த்துச் செய்திகளுக்கும் கடை விளம்பரங்களுக்கும் நடுவில் பக்கம் நிரப்ப என்னிடம் ஒரு கட்டுரை கேட்பார்கள். பழைய துறைமுகங்களைப் பற்றி எதையாவது எழுதிக் கொடுப்பேன். பிழை திருத்துகிறவர்கூட அதைப் படித்ததில்லை. இந்த வருடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அச்சில் வந்துவிட்டால் பின்வாங்க முடியாது. ஷாகுல் சாரும் படிப்பார். படிக்கட்டும்.

நம்மை அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகும் ருகையா, ஷாகுல் சாரின் மகள். ஷாகுல் சார் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வைஸ் பிரின்சிபால். அதே பள்ளியில் நான் சரித்திர ஆசிரியர், இனிமேலும் அப்படித்தான் இருப்பேன். இருவருக்கும் ஒரே ஊர். இங்கே துபாயிலும், அல் குசைஸில் ஒரே கட்டடம். அவர் நாலாவது மாடி, நான் மூன்றாவது மாடி. நீ பத்தாம் வகுப்புப் படித்த வருடத்திலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் அதை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. அங்கே பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். வீடு மகளுக்குத்தான் போகும். மகன் துணிமணியை எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவான். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆளுக்கோர் இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டு சம்பந்திகளையும் ஒரே சஹனில் உட்கார வைப்பதை ஊரே பார்க்கும். ஆகவே நீ போனில் கேட்டது நிக்காஹுக்கு வருவதைப் பற்றி மட்டும் அல்ல. ஷாகுல் சாரோடு ஒரே தட்டில் கை வைப்பீர்களா என்று கேட்டாய்.

அவரும் அதையே கேட்டுவிட்டார். போன வாரம் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சலாம் முடிந்தது. நான் மேலே ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், சஹன் ஒண்ணுதானே. நீங்க வரல்லன்னா நான் யாரு கூட உக்கார?"

"மூணாவது மாடி வந்துட்டு" என்றேன்.

நான் வெளியே வந்ததும் அவர் கதவில் கால் வைத்து நிறுத்திக்கொண்டார். "நாலு பேரு கேப்பாவ சார். நான் என்ன சொல்லட்டும்?"

"வாட்டர் சைக்கிள்னு சொல்லுங்க."

அவர் காலை எடுத்துவிட்டார், கதவு மூடியது. அந்தப் பதிலின் பொருள் அவருக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மற்றவர்களுக்கு இனிமேல் சொல்கிறேன்.

நான் பண்டைய வரலாற்றில் எம்.ஏ. முடித்தவன். ஊர்ப் பக்கத்துக் கல்லூரியில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த இடம் கடைசி நேரத்தில் தாளாளரின் மருமகனுக்குப் போனது. அவன் இன்றும் அங்கே என் பாடத்தைத் தப்பும் தவறுமாக நடத்திக்கொண்டிருக்கிறான். நான் துபாய்க்கு வந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்டங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன். லீவில் ஊருக்குப் போனால் உன் உம்மாவின் வீட்டில் முன்னறையில் ஒரு நாற்காலி, தட்டத்தில் டீ. தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் நான் மாப்பிள்ளைதான். சுவரில் ஒரு சட்டை மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் உன் மாமாவிடம் கேட்க வேண்டும். இங்கே இருக்கும் ஃப்ளாட் பள்ளிக்கூடத்துடையது. சுவரில் ஓட்டை போடக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாட்டிலும் ஓர் ஆணி அடிக்க எனக்கு உரிமையில்லை. இதை நீ தமாஷாக எடுத்துக்கொள்ளாதே. நீ போகும் வீட்டில் முதல் மாதமே உன் கையால் ஓர் ஆணி அடித்துவிடு. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் அடித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இத்ரீஸை உனக்கு நினைவிருக்கும். அரபிப் பாடம் எடுக்கும் சூடான்காரர். டீயில் இனிப்புப் போதாதென்று கேன்டீன் ஆளோடு தினமும் வாதாடுவார். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் என் பாடப்புத்தகத்தை எடுத்து நைல் நதிப் படத்தைப் பார்த்தார். அந்தப் படம் எகிப்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே ஆறு, நகரம், பாலைவனம் என்று குறிகளுக்கு விளக்கம் சொல்லும் ஒரு பெட்டியை அச்சடித்திருப்பார்கள்.

"என் வீடு எங்கே இருக்கு, தெரியுமா?" என்றார். அந்தப் பெட்டியின் மேல் விரலை வைத்தார். "இதுக்கு அடியில. எங்க அம்மா இப்ப இந்தப் 'பாலைவனம்'ங்கிற எழுத்துக்குக் கீழே ரொட்டி சுட்டுக்கிட்டு இருப்பாங்க."

அவருடைய கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மலை. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'மலை'. அதிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஒரு பாறை, படமெடுத்த பாம்பு போல இருக்குமாம். அந்த மலைக்குள் ஆமோன் என்ற தெய்வம் குடியிருக்கிறான், அரசனை அவனே தேர்ந்தெடுக்கிறான் என்று ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்த குஷ் நாட்டவர்கள் நம்பினார்கள். சின்னதும் கூர்மையானதுமான பிரமிடுகள் அங்கே ஏராளம். "எங்க ஆடுங்களுக்குப் பிரமிடு நல்ல பழக்கம். நிழல் இருக்கும்" என்பார் இத்ரீஸ். அவர் சொல்லச் சொல்ல எனக்குள் எதுவோ எழுந்து உட்கார்ந்தது. எம்.ஏ. படித்த காலத்தில் ஒரே ஒரு பத்தியாகத் தாண்டிப்போன நாடு அது. ஷார்ஜாவில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவினேன், தெரிந்தவர்களிடம் சொல்லி லண்டனிலிருந்தும் வரவழைத்தேன். அங்கே அரசிகள் படை நடத்தியிருக்கிறார்கள். எகிப்தில் காணக் கிடைக்காத ஒரு கடவுள் அங்கே இருந்திருக்கிறான். சிங்கத் தலை, மனித உடல், போரின் தெய்வம். அரசர்கள் தங்கள் உரிமையை நிலைநாட்டும்போது தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று பெண்வழியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரன் ஒருவன் அதைப் படித்தால் அந்நியமாகத் தோன்றாது. நம் வீடுகளுக்கும் பாட்டன் பெயர் கிடையாது, பெண்களின் பெயர்தான்.

இன்னொரு கதையும் உண்டு, பழைய கிரேக்கர்கள் எழுதி வைத்தது. குஷ் நாட்டின் மெரோயே நகரத்தில் அரசனின் காலம் முடிந்ததென்று பூசாரிகளுக்குத் தோன்றினால், தெய்வத்தின் கட்டளை என்று ஆள் அனுப்புவார்களாம். அரசன் மறுபேச்சில்லாமல் செத்துவிட வேண்டும். பல தலைமுறை அரசர்கள் அப்படியே செத்தார்கள். கடைசியில் ஒருவன், இதை யார் சொன்னது என்று பார்க்கலாமே என்று படையோடு கோயிலுக்குள் நுழைந்தான். அன்றோடு அந்த வழக்கம் முடிந்தது. அதன் பிறகு பிரின்சிபால் அறையிலிருந்து சுற்றறிக்கை வந்தால் இத்ரீஸ் என் பக்கம் குனிந்து, "ஆமோன் கையெழுத்துப் போட்டிருக்கானா, பார்" என்பார். மேலிடத்தின் பெயரைச் சொல்லி உன்னிடம் யாராவது எதையாவது முடிக்கச் சொன்னால், ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடு. நான் போய்ப் பார்த்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சிரித்ததோடு சரி.

குவைத் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். அந்த நாட்டைத்தான் செய்வேன் என்று முடிவெடுத்தேன். அப்போது உன்னை என்னோடு வைத்துப் படிக்க வைத்திருந்தேன். களிமண்ணில் மலை, அட்டையில் பிரமிடுகள், தெர்மோகோலில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிங்கத் தலைத் தெய்வம். பாஸ்மதி அரிசிச் சாக்கைப் பிரித்து நீதான் பிடரி ஒட்டினாய்; வாரக்கணக்கில் வீடெல்லாம் சணல். ஒரு மூலையில் குதிரை லாயம் ஒன்றும் வைத்தோம். அதற்கு விளக்கம் சொல்ல எட்டாம் வகுப்பிலிருந்து ருகையாவைத் தேர்ந்தெடுத்தேன். அவள் குரல் கணீரென்று இருக்கும். அவளுடைய வாப்பாவோடு அப்போது எனக்கு எந்தப் பகையும் இல்லை.

அந்த லாயத்தின் கதை இது. ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பியே என்ற குஷ் அரசன் வடக்கே எகிப்தின் மேல் படையெடுத்தான். அங்கே நிம்லோத் என்ற சிற்றரசன், முதலில் இவனுக்கு அடங்கியிருந்தவன், எதிரியோடு சேர்ந்துகொண்டான். பியே அவன் நகரத்தை வளைத்தான். உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். நகரம் பணிந்ததும் பியே அரண்மனைக்குள் போனான். பொன்னைக் காட்டினார்கள், அந்தப்புரத்துப் பெண்களைக் காட்டினார்கள், அவன் கண்டுகொள்ளவில்லை. குதிரை லாயத்துக்குப் போனான். எலும்பும் தோலுமாக நின்ற குதிரைகளைப் பார்த்தான். நீ எனக்குச் செய்த துரோகம் எல்லாவற்றையும்விட இந்தக் குதிரைகளைப் பட்டினி போட்டதுதான் என்னை வருத்துகிறது என்ற பொருளில் அவன் சொன்னதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வம்சத்து அரசர்கள் தங்கள் குதிரைகளைத் தங்கள் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நின்ற நிலையிலேயே அடக்கம் செய்தார்கள். "கல் கிடைச்சது எங்க மலையில. இருக்கிறது கெய்ரோவுல" என்று சொல்லும்போது மட்டும் இத்ரீஸின் முகத்தில் சிரிப்பு இருக்காது. அந்த வருத்தம் எனக்குப் புரியும். என் இடத்திலும் இன்னொருவன்தானே உட்கார்ந்திருந்தான்.

ஒத்திகையின்போது ருகையா இதையெல்லாம் பிசகில்லாமல் சொல்லிவிட்டு, "அப்புறம் அந்த நிம்லோத் ராஜாவ என்ன செஞ்சாவ சார்?" என்றாள்.

"அது தேவையில்லை. உனக்குக் கொடுத்தது குதிரையோட முடிஞ்சிட்டு."

"யாராச்சும் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

மறுநாள் காலையில் போனால் சிங்கத்தைக் காணோம். அது நின்ற மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஆறாம் வகுப்பின் 'வாட்டர் சைக்கிள்' படத்தை நிறுத்தியிருந்தார்கள். கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மழை, மழையிலிருந்து ஆறு. அப்போது ஷாகுல் சார் சூப்பர்வைசர். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். தெய்வச் சிலை. பெரிய ஆளுங்க வர்றாவ. பெத்தவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?"

"இது தெய்வம் இல்ல சார். வரலாறு."

"வரலாறுதான். வரலாத்துக்கு விசா கிடையாது. ஒங்களுக்கு இருக்கு."

நான் வெளியேறி ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் ருகையா ஒருத்திதான் நின்று எல்லாருக்கும் குதிரைக் கதையைச் சொன்னாள் என்று நீ வந்து சொன்னாய். சாயந்தரம் இத்ரீஸ் வந்தார். "உன் சிங்கம் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால, கேஸ் சிலிண்டர் பக்கத்துல நிக்குது. நல்லாத்தான் இருக்கு. போய்த் தூக்கிட்டு வா." போகவில்லை. எடுத்தவர் கொண்டுவந்து வைக்கட்டும் என்றேன். கோடை லீவுக்குப் பிறகு அது அங்கே இல்லை. அடுத்த வருடம் ஷாகுல் சார் வைஸ் பிரின்சிபால் ஆனார். என் சிங்கத்தின் முதுகில் ஏறித்தான் அந்த நாற்காலிக்குப் போனார் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்; இருந்தாலும், அன்று அந்தச் சிலை நின்றிருந்து, யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் விசா என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக நான் இத்தனை வருடம் உறுதியாகக் கோபப்பட்டிருக்கிறேன்.

அடுத்து வந்த பெருநாள் அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நம் ஃப்ளாட்டில் நாம் இருவர் மட்டும். அப்போது ஷாகுல் சாரின் குடும்பம் இங்கேதான் இருந்தது. கதவைத் தட்டியது ருகையா. கையில் மூடிய தட்டு. "உம்மா கொடுத்து விட்டாவ. சீலா மீன் பொரிச்சது." வாசனை நம் அறை முழுவதும் வந்துவிட்டது. நம் ஊரில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு கை சீனியாவது போட்டு அனுப்புவார்கள். வெறும் பாத்திரமே குறை என்றால், வந்தது வந்தபடி நிறைந்து திரும்பும் பாத்திரத்தை என்ன சொல்வது? "நாங்க சாப்பிட்டாச்சு, கொண்டு போ" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ மீனைப் பார்த்தாய். அன்று நாம் குப்பூஸ் ரொட்டியையும் டின் மீனையும் தின்றோம். நீ பாதியை அப்படியே வைத்துவிட்டாய்.

இத்ரீஸிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவரோடு படித்த தெற்குச் சூடானின் டிங்கா இனத்துப் பையன் சொன்ன கதை என்று ஒன்றைச் சொன்னார். ஆதியில் வானம் தாழ்ந்து கை எட்டும் உயரத்தில் இருந்ததாம். மேலிருந்து தொங்கிய ஒரு கயிற்றைப் பிடித்து மனிதர்கள் கடவுளிடம் போய் வருவார்களாம். சாவு கிடையாது. ஒரு நாள் தானியம் குத்திய ஒரு பெண் உலக்கையைக் கொஞ்சம் அதிகமாக ஓங்கிவிட்டாள். அது மேலே இருந்தவர் மீது இடித்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு எட்டாத உயரத்துக்குப் போனார், ஒரு சின்னக் குருவியை அனுப்பிக் கயிற்றையும் அறுத்துவிட்டார். அன்றிலிருந்துதான் மனிதனுக்கு நோயும் சாவும்.

"எனக்கு அந்தக் கடவுளைப் பிடிச்சிருக்கு" என்றேன்.

"தெரியும்" என்றார் இத்ரீஸ். "ஆனா உலக்கை பட்ட வலி சாயந்தரத்துக்குள்ள போயிருக்கும். கயிறு இன்னும் அறுந்துதான் கிடக்கு. யல்லா, கிளாஸுக்கு மணி அடிச்சிட்டான்."

அந்தத் தட்டு நிறைந்தபடி திரும்பிய செய்தி விமானத்தைவிட வேகமாக ஊருக்குப் போனது. உன் உம்மா அப்போது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ருகையாவும் அவள் உம்மாவும் ஊரோடு போனபின், உன் உம்மா அவர்கள் தெருவுக்குப் போய்வர ஆரம்பித்திருக்கிறாள். போகும்போதெல்லாம் ஒரு தட்டு கொண்டுபோவாளாம். அது நிறைந்து வருமாம். வருடக்கணக்காக இது நடந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. போன மாதம் போனில், "புள்ளைக்கு முடிச்சிட்டேன். ஷாகுல் சார் மவ" என்றாள்.

"யாரைக் கேட்டு முடிச்சே?"

"புள்ளைய கேட்டேன். அவன் எப்பவோ முடிச்சிட்டான் போல."

"என்னைக் கேக்க வேண்டாமா?"

"ஒங்கள கேட்டா நாலு ராசா கத சொல்லுவிய. அதான் கேக்கல்ல."

அதன் பிறகுதான் நீ போன் செய்தாய். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். சாயந்தரம் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வருகிறேன். உன் உம்மா சொன்னது குத்திக்கொண்டே இருந்தது. ராஜா கதைதானே, எடுத்துப் பார்ப்போம் என்று அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தேன். ஷாகுல் சார் மீது கோபத்தைப் புதுப்பித்துக்கொள்ளத்தான் எடுத்தேன் என்றே சொல்லலாம். லாயம் வந்தது, குதிரைகள் வந்தன. வழக்கமாக அங்கே மூடிவிடுவேன். இந்த முறை பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எப்போதோ படித்ததுதான். எனக்குப் பயன்படாத பகுதி என்று விட்டுவைத்திருந்தேன்.

நகரம் விழுவதற்கு முன் நிம்லோத் தன் மனைவியை அனுப்பினான். அவள் நேராகப் பியேயிடம் போகவில்லை. அவனுடைய மனைவியர், மகள்கள், சகோதரிகள் இருந்த இடத்துக்குப் போய் அவர்களிடம் மன்றாடினாள். பெண்கள் பெண்களிடம் பேசினார்கள். அதற்கப்புறம்தான் கோட்டைக் கதவு திறந்தது. கடைசியில், தோற்ற சிற்றரசர்கள் நான்கு பேர் பியேயின் கூடாரத்து வாசலுக்கு வந்தார்கள். மூன்று பேரை உள்ளே விடவில்லை. காரணங்களில் ஒன்று, அவர்கள் மீன் தின்கிறவர்கள். குஷ் அரசனுடைய வீட்டில் அது தீட்டு. நான்காமவன் மீன் தின்னாதவன், தூய்மையானவன். அவனை மட்டும் உள்ளே அழைத்தார்கள். அவன் யாரென்று நினைக்கிறாய்? நிம்லோத். துரோகம் செய்தவன், குதிரைகளைப் பட்டினி போட்டவன், அரசனின் கோபம் முழுவதையும் வாங்கியவன். அவன்தான் உள்ளே போனான். அந்தக் கல்லின் உச்சியில் படமாகவே செதுக்கியிருக்கிறார்கள். முன்னால் கையை உயர்த்தி நிற்பது நிம்லோத்தின் மனைவி. அவளுக்குப் பின்னால் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு நிம்லோத்.

இத்ரீஸிடம் போய், "நம்ம ஊர் ஆள் ஒருத்தன்கூட உங்க ராஜா வீட்டுக்குள்ள போயிருக்க முடியாது, எல்லாரும் மீன் தின்னி" என்றேன். டீ சிந்தும்வரை சிரித்தார். பிறகு, "இத்தனை வருஷமா நீ யாரா இருந்தே அந்தக் கதையில?" என்று கேட்டார்.

நான் பியேயாக இருந்தேன். ஷாகுல் சாரை நிம்லோத்தாக வைத்து, லாயத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் நம் ஊர் வழக்கப்படி நிக்காஹ் அன்று மாப்பிள்ளையோடு பெண் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பவன் நான். உள்ளே விட வேண்டியவர்கள் அவர்கள். அந்த வீடும் ஷாகுல் சாருடையது அல்ல, ருகையாவின் உம்மாவுடையது. அவரும் என்னைப் போலவே முன்னறை நாற்காலி மாப்பிள்ளைதான். அந்த அம்மா பொரித்த மீனைத்தான் நான் திருப்பி அனுப்பினேன். எங்கள் இருவருடைய சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பிள்ளை அன்று அரைப் பட்டினியாகப் படுத்தான். கதையில் நான் யாரென்று இனி இத்ரீஸ் கேட்க வேண்டியதில்லை.

நான் ஷாகுல் சாரை மன்னித்துவிட்டதாக யாரிடமும் சொல்லாதே. சிங்கத்தை நான் மறக்கவில்லை. ஷாகுல் சார், இதைப் படித்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வாட்டர் சைக்கிள் படத்தில் ஓர் அம்புக்குறி தலைகீழாக இருந்தது; மழை தரையிலிருந்து மேகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்று இத்தனை வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சஹனில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் உங்கள் விசா கதையைச் சொல்லுங்கள். சோறு ஆறுவதற்குள் முடித்துக்கொள்வோம்.

மகனே, குஷ் அரசனின் வாசலில் மீன் தின்றவனுக்கு இடமில்லை. நம் வாசலில் வந்த மீனைத் தின்னாமல் அனுப்பியவனுக்குத்தான் இடமிருக்கக் கூடாது. கல்யாணச் சாப்பாட்டில் மீன் வைக்க மாட்டார்கள், கறிதான். அதனால் முதல் நாளே அந்த வீட்டுக்கு மதியம் வருகிறேன். சீலா மீன் பொரிக்க முடியுமா என்று உன் உம்மாவை விட்டுக் கேட்கச் சொல். பெண்கள் பெண்களிடம் கேட்கட்டும். சம்மதித்தால் போதும், தட்டைக் கழுவிச் சீனி போட்டு நானே அடுக்களை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கட்டிலில் கிடந்த இரண்டு சட்டைகளையும் மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இனி வெளியே எடுக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ருகையா அன்று ஒத்திகையில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு. அந்த ராஜாவை ஒன்றும் செய்யவில்லை, உள்ளே வா என்றார்கள். அவன் தன் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். கல்லில் இருப்பது போலவே உன் உம்மா முன்னால் நடக்கட்டும். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன்.

வாப்பா